சனிப்பெயர்ச்சியும் ஒரு லைசன்ஸ் கோப்பும்

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் சித்தப்பா ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, பயிர்க் காப்பீட்டுப் படிவம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று பிறப்பிலிருந்து இறப்பு வரைக்கும் வேண்டிய காகிதமெல்லாம் அங்கே கிடைக்கும். மேட்டர் பென்டிரைவில் வரும். ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு என்று சுற்றிவிட்டு வருகிற பென்டிரைவ் தனியாக வராது. உள்ளே 'நியூ ஃபோல்டர்' என்று மஞ்சளாக ஒன்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். தொட்டால் போச்சு, கடையிலிருக்கும் எல்லா ஃபோல்டருக்குள்ளும் அதன் வாரிசுகள்.

1986இல் லாகூரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் எழுதிவிட்ட 'பிரெயின்' வைரஸுக்குள் அவர்கள் பெயர், கடை விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாம் இருந்தனவாம். அந்த நாணயம் பின்னால் வந்த வைரஸ்களுக்கு இல்லை.

ஆகவே ஆன்டி வைரஸ் அவசியம் என்பதைச் சித்தப்பா ஒப்புக்கொண்டார். காசு கொடுப்பது அவசியம் என்பதைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. சென்னையில் 1991இலிருந்து கே7 இருக்கிறது, புனேயில் குவிக் ஹீல் இருக்கிறது, பெட்டியில் போட்டு ரசீதோடு தருகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "பெட்டிக்குள்ள என்னடா இருக்கு? ஒரு சிடியும் ஒரு நம்பரும்" என்றார்.

முதலில் இலவச அவிரா வந்தது. ஜெர்மனியில் டெட்னாங் என்ற ஊர்க்காரர்கள் செய்தது. பீருக்குப் போடுகிற ஹாப்ஸ் விளையும் ஊர் அது. வெள்ளாமை பூமி என்று கேட்டதுமே சித்தப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அப்போது இனாமுக்கும் ஒரு கெடு உண்டு. 'எச்பிஇடிவி.கீ' என்ற சின்னக் கோப்பில் அந்தத் தேதி இருக்கும். கெடு முடிந்தால் புதுக் கோப்பை இறக்கி, ஹெல்ப் மெனுவில் 'லோட் லைசன்ஸ் ஃபைல்' என்பதைச் சொடுக்கி, கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டவேண்டும். அவ்வளவுதான்.

சித்தப்பா கோப்பின் மேலேயே இரண்டு தட்டு தட்டினார். எதில் திறக்க என்று விண்டோஸ் கேட்டது. நோட்பேடைக் காட்டினார். கோணல்மாணலாக எழுத்துகள் கொட்டின. இருபது வருஷம் டி.டி.பி. பார்த்தவர் இதற்கெல்லாம் அசருவாரா? ஃபான்ட்டைப் பாமினிக்கு மாற்றினார். நடுவில் ஒரு 'ஸ்ரீ' தெரிந்தது. "பாத்தியா, தமிழ்தான். டைப் அடிச்சவன் சரியா அடிக்கல" என்று இரண்டு எழுத்தைத் திருத்திச் சேமித்தும் விட்டார். யாருக்கு, எந்தத் தேதி வரை என்பதைக் கம்பெனி தன் மின் கையொப்பத்தோடு பூட்டித் தருவதுதான் லைசன்ஸ் கோப்பு. ஒரு எழுத்து மாறினாலும் செல்லாது. செல்லவில்லை.

அடுத்து இரவல் கீ. அப்போது ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கிக்கும் இப்படி .கீ கோப்புதான். எங்கோ ஒருவர் காசு கொடுத்து வாங்கியது ஊரெல்லாம் பாயும். கம்பெனி கண்டுபிடித்துக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். பட்டியல் அப்டேட்டோடு வந்து இறங்கும். காவிரித் தண்ணீர்க் கணக்குத்தான்: தலைமடைக்காரன் அனுபவித்து மிஞ்சி, கடைமடை வேதாரண்யத்துக்கு வருவதற்குள் கீ வறண்டிருக்கும். அப்டேட் செய்தால் கீ போய்விடும், செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் போய்விடும் என்ற நிலையில் எங்கள் ஜில்லாவில் அநேகம் பேர் கீயைத்தான் காப்பாற்றினார்கள். அந்தக் கீ வந்து சேர்ந்ததும் 'நியூ ஃபோல்டர்' குடியிருந்த பென்டிரைவில்தான் என்பது வேறு விஷயம்.

2010இல் கடையில் போட்டிருந்த ஏதோ ஒன்றின் கீ காலாவதியாயிற்று. கடைக்கு வந்த சர்வீஸ் பையன் ஒரு வழி சொல்லிக்கொடுத்தான். கம்ப்யூட்டர் கடிகாரத்தை ஒரு வருஷம் பின்னால் தள்ளிவிட்டால் கீ மறுபடி உயிர்பிடிக்கும். பல மென்பொருள்கள் இதை மோப்பம் பிடித்துவிடும், இது பிடிக்கவில்லை. பாங்க் வெப்சைட் மட்டும் தன் சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று முறைத்தது. சித்தப்பா அதை மதிக்கவில்லை.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு மிராசுதார் ஜாதகம் எடுக்க வந்தார். கடக ராசி. 2009 செப்டம்பரில் சனி சிம்மத்தை விட்டுக் கன்னிக்குப் போனபோதே அவருக்கு ஏழரை விட்டாயிற்று. நடப்புக் கோசாரத்தை மென்பொருள் கம்ப்யூட்டர் தேதியை வைத்துத்தான் போடும். பிரின்ட் வந்தது: ஏழரைச் சனி நடக்கிறது.

"என்னாங்க இது? போன வருஷமே விட்டுட்டுதுன்னு திருநள்ளாறு போயி குளிச்சி, துணியையும் விட்டுட்டு வந்தேனே?"

சித்தப்பா தாளை ஒருமுறை பார்த்தார், மானிட்டர் மூலையை ஒருமுறை பார்த்தார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க மாமா. எதுக்கும் இன்னொரு தடவை போயிட்டு வந்துடுங்க."

போயும் வந்தார்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்று நான் லினக்ஸ் போடச் சொன்னேன். திருவாரூர் கலெக்டராக இருந்து அங்கே அலுவலக வேலைகளைக் கணினிக்குக் கொண்டுவந்த உமாசங்கர், பிறகு எல்காட் என்ற அரசு நிறுவனத்தில் லினக்ஸைப் புகுத்திய கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுல ஜாதகம் வருமா?" என்றார்.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அதற்குள்ளேயே ஆன்டி வைரஸை வைத்துக் கொடுத்தார்கள். கீ கிடையாது, கெடு கிடையாது. சித்தப்பாவுக்கு அதில் நம்பிக்கை விழவில்லை. "கேக்காமலே குடுக்குறான்னா அதுல என்ன இருக்கப்போவுது?"

போன வருஷம் சிங்கப்பூரில் இருக்கும் மகன், மானம் போகிறது என்று ஆன்லைனிலேயே ஒன்றைக் காசு கட்டி வாங்கிக்கொடுத்தான். இப்போது கோப்பும் இல்லை, நம்பரும் இல்லை. லைசன்ஸ் அக்கவுன்ட்டுக்குள் இருக்கிறது. அக்கவுன்ட் மகனின் போனில் இருக்கிறது. மறுபடி உள்ளே நுழையச் சொல்லி அது கேட்கும்போதெல்லாம் ஓ.டி.பி. சிங்கப்பூருக்குப் போகும், அவன் ஷிப்டில் இருப்பான். போன வாரம் கொள்முதல் நிலையத்துக்காகச் சிட்டா எடுக்க வந்த ஒருவரை உட்காரவைத்துவிட்டு, சித்தப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"செத்த இருங்க. தம்பி ஒரு நம்பர் சொல்லுவான், போட்டுட்டா பாதுகாப்பு வந்துடும்."

"எனக்கு எதுக்குப்பா பாதுகாப்பு? சிட்டாவக் குடு, நெல்லு நனையுது."