வேகமா, நம்பகமா?

கேள்வி: மைசூரிலிருந்து கொள்ளேகால், கௌதள்ளி வழியாக மாதேஸ்வரன் மலைக்கு மின்சார காரில் போகிறவர் வேகமான சார்ஜரைத் தேடுவதா, பழுதாகாத சார்ஜரையா?

பதில்: பழுதாகாததை! சார்ஜர் பெட்டியில் 120 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், 50 மட்டுமே வாங்கும் காருக்கு 50தான் இறங்கும். பேட்டரி 80 சதவீதம் நிறைந்தபின் அதுவும் குறையும். செத்த சார்ஜரின் வேகமோ பூஜ்யம்.

அரசுப் பணத்தில் அமையும் சார்ஜர்கள் 97 சதவீத நேரம் இயங்கியாக வேண்டும் என்று அமெரிக்கா 2023இல் விதி செய்தது. 2017இலேயே மின்வாகனக் கொள்கை கண்ட கர்நாடகமும் அந்தக் கண்டிப்பைக் காட்டட்டும்.

மலையேற்றம் பேட்டரியைக் கூடுதலாகக் குடிக்கும். இறக்கத்தில் அதில் ஒரு பகுதிதான் திரும்பும். அதனால், ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கும்படி, பல சார்ஜர்கள் உள்ள நிலையமாகப் பார்த்து மைசூரிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.