காய்ச்சியவனுக்குக் கறவை மாடு

மது விஷயத்தில் அரசு காட்டும் கரிசனத்தைக் குறை சொல்கிறவன் நன்றி கெட்டவன். மாமல்லபுரத்துச் சொகுசு விடுதிகளில் கோப்பைக்குப் பஞ்சமே இல்லை. அது போதாதென்று 2023 ஏப்ரலில் மாநாட்டுக் கூடங்களுக்கும் சிறப்பு உரிமம். கல்யாண மண்டபத்தையும் சேர்த்துவிட்டு, கூச்சல் எழுந்ததும் எடுத்தார்கள். அடுத்த மாதமே, மாமல்லபுரம் இருக்கிற அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் சித்தாமூர்ப் பக்கம், சாராயம் என்று மெத்தனாலைக் குடித்துச் செத்தார்கள். மரக்காணம் எக்கியார்குப்பத்தையும் சேர்த்தால் இருபது பேருக்கு மேல். செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம். குடியை விடணும், ஒரு வழி சொல்லுங்க சார் என்று உயிரோடு வந்து நிற்கிறவனை எந்தக் கோப்பில் வைப்பார்கள்?

சாராயம் காய்ச்சியவன் மனம் திருந்தினால் மறுவாழ்வு நிதி உண்டு. கறவை மாடு வாங்கலாம். குடித்துவிட்டு அடிதடியில் புழல் சிறைக்குப் போய் வந்தவனுக்கு அந்த மாட்டின் கயிறுகூடக் கிடையாது.

குடியால் வரும் மனக்கோளாறும் நோய்தான் என்கிறது 2017 மனநலச் சட்டம். மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மனநலப் பிரிவு வை என்கிறது. ஒன்றே ஒன்று! கடைக்கு இந்தச் சிக்கனம் இல்லை: 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் மிச்சம் 4,829.

இத்தனைக்கும் வைத்தியம் மலிவு. குடியை விட்டவன், விடத் தவிக்கிறவன் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். செலவு டீயும் பன்னும். அமெரிக்காவின் சான் குவென்டின் சிறைக்குள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) கூட்டம் 1942லேயே இப்படி உட்கார்ந்துவிட்டது. இங்கே விடுதலையான நாலு பேர் தெருமுனையில் கூடட்டும், நன்னடத்தைப் பிணைக்கு ஆள் அனுப்புவார்கள். அதே நாலு பேர் டாஸ்மாக் பாரில் கூடினால் எந்த ஏட்டய்யாவுக்கும் சந்தேகம் வராது. குடிக்காமல் கூடுவதுதானே சட்டம் ஒழுங்குப் பிரச்சினை!

சிறையில் உடம்புக்குப் போதைப் பழக்கம் விட்டுப்போகும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் ஆள் காலி. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைத் தொடர்ந்து பார்த்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்: முதல் இரண்டு வாரத்தில் போதைப்பொருள் மிகையால் சாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 129 மடங்கு. அந்த இரண்டு வாரத்துக்குப் புழல் வாசலில் துணைக்கு ஒரு பழைய குடிநோயாளியை நிறுத்த, 2023–24இல் மதுவில் 45,855 கோடி பார்த்த அரசுக்கு வக்கில்லை.

தண்டனை முடிந்து வருகிறவன் மடியில் சிறைக் கூலி இருக்கும். செங்கல்பட்டு வரைக்கும் வழிநெடுகப் பகல் 12 மணிக்கே கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். ஒரு கையால் கொடுத்ததை, பொழுது சாய்வதற்குள் மறு கையால் வாங்கிக்கொள்வார்கள்.