சிக்னல் தேடி வந்த டீச்சருக்கு

வாங்க தாயி, வாங்க. வெயில்ல நிக்காம இப்படித் திண்ணையில உக்காருங்க. இந்த ஊர்ல ரெண்டு கோடு சிக்னல் விழுற ஒரே இடம் நம்ம திண்ணைதான். ஈபிக்காரர் இங்கதான் வருவாரு, ரேஷன் கடைத் தம்பியும் இங்கதான். என்ன, ஆப்புல பிள்ளைங்க மார்க்கு ஏத்தணுமாக்கும்? ஏத்துங்க, ஏத்துங்க. பிள்ளைக்குக் கழித்தல் வராட்டிக்கூட ஒருத்தரும் போன் போட மாட்டாக. மார்க்கு ஏறலைன்னா சாயங்காலத்துக்குள்ள மூணு போன் வந்துரும்.

கிழவன் சொல்றேன், வருத்தப்படாதீக. ஏத்தி முடிச்ச கையோட அந்த விடைத்தாளையெல்லாம் கட்டுக்கட்டிப் பீரோவுக்கு மேல போட்டுருங்க. திரும்பப் பார்த்துராதீக. பார்த்தா வம்பு. நாளைக்கு நடத்த வேண்டிய பாடத்தை மாத்தணும்னு தோணும். பாடத்தை மாத்தினா திட்டப் புத்தகம் பிந்தும். எதுக்கு அந்தப் பொல்லாப்பு?

நேத்து என் பேரன் தாளைப் பார்த்தேன். அஞ்சு கழித்தல் கணக்கு, ரெண்டு சரி, மூணு தப்பு. நீங்களும் சிவப்பு மையில ரெண்டுன்னு வட்டம் போட்டு அனுப்பியிருக்கீக. அந்த மூணையும் கொஞ்சம் கேளுங்க. 43-ல 18 போனா 35-ங்கிறான். 52-ல 27 போனா அதுவும் 35. 61-ல 34 போனா 33. பய முட்டாள் இல்ல தாயி. எந்த இடத்துலயும் பெரிய எண்ணுல இருந்து சின்ன எண்ணை எடுத்துடறான், மேல இருக்கா கீழ இருக்கான்னு பார்க்கிறதில்ல. மூணுலயும் ஒரே தப்பை ஒழுங்கா, சுத்தமா செஞ்சிருக்கான். கடன் வாங்கத் தெரியல, அவ்வளவுதான். எங்க வம்சத்துல இப்படி ஒருத்தன் பிறந்தது எனக்கே ஆச்சரியமா இருக்கு.

மேலத்தெருப் பிள்ளை ஒண்ணு அவன்கூடதான் படிக்குது. அதுக்கும் அஞ்சுக்கு ரெண்டு. அது தாள்ல 43-ல 18 போனா 61-னு இருக்கு. அதுக்குக் கடன் வாங்குறதெல்லாம் அத்துபடி. தப்பான மூணுலயும் கழித்தல் குறியைப் பார்க்காமக் கூட்டி வச்சிருக்கு. ஆப்புல ரெண்டு பேரும் ஒரே கட்டத்துல உக்காந்திருப்பாக, இல்லையா? ரெண்டு பேருக்கும் சேர்த்து ‘கூடுதல் பயிற்சி தேவை’ன்னு ஒரே வரி வரும். நீங்களும் ரெண்டு பேருக்கும் அதே இருபது கணக்கைக் கொடுங்க. இவன் இருபது தடவை தப்பா எடுப்பான், அவ இருபது தடவை கூட்டிக்கிட்டே போவா. பதிவேடு மட்டும் பளபளன்னு இருக்கும்.

என் மச்சினனுக்கு மண்வள அட்டை வந்துச்சு, தெரியுமா? 2015-ல மத்திய சர்க்கார் ஆரம்பிச்ச திட்டம். மண்ணை எடுத்துட்டுப் போயிச் சோதிச்சு, தழைச்சத்து இவ்வளவு, மணிச்சத்து இவ்வளவு, இன்ன உரம் இவ்வளவு போடுன்னு அச்சடிச்சே கொடுத்துட்டாக. மச்சினன் அதை பிளாஸ்டிக் உறையில போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சான். தினமும் சூடம் காட்டுறான். வயலுக்கு மட்டும் வருஷா வருஷம் அதே மூணு மூட்டை யூரியாதான். நம்ம பள்ளிக்கூடத்துக் கணக்கையும் அந்தப் படத்துப் பக்கத்துலயே வச்சுறலாம்.

நம்ம மாநில சர்க்கார் யோசிக்காம இருந்துச்சுன்னு சொல்ல முடியாது தாயி. 2012-ல முப்பருவ முறை கொண்டுவந்தப்ப வளரறி மதிப்பீட்டுக்கு 40 மார்க்கு, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60-னு பிரிச்சாக. பருவம் முடியறதுக்கு முன்னாடியே எங்க தடுமாறுதுன்னு பார்த்துக் கை கொடுக்கத்தான் அந்த 40. நாம லேசுப்பட்ட ஆளா? பருவக் கடைசியில ஒரு மத்தியானம் உக்காந்து 38, 37, 38, 36-னு ஒரே பேனாவுல நிரப்பிட்டு எந்திரிச்ச மகராசங்களை நான் பார்த்திருக்கேன். உங்களைச் சொல்லல.

பொறவு 2022-ல எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் வந்துச்சு. கொரோனாவுல பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்து பிள்ளைங்க பின்தங்கிட்டாகன்னு, எந்த வகுப்புல உக்காந்திருந்தாலும் எது வரைக்கும் தெரியும்னு சோதிச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சுச் சொல்லிக்கொடுக்கச் சொன்னாக. உள்ளபடியே நல்ல காரியம். ஆனா என் பேரன் வீட்டுக்கு வந்து, “தாத்தா, நான் அரும்பு”ங்கிறான், என்னமோ ரேஷன் கார்டுல எழுதிட்ட மாதிரி. தமிழ்ல அவன் கதைப்புத்தகத்தை ஒரே மூச்சுல வாசிக்கிறான், கணக்குலதான் தடுமாறுறான். வாசிக்கையில மலர்ல இருக்கட்டும், கணக்குல அரும்புல இருக்கட்டும். கணக்கு வந்ததும் அடுத்த வாரமே இடம் மாத்துங்க. ஜூன்ல ஒட்டின பேரை ஏப்ரல் வரைக்கும் சுமக்க விட்டா, அவனே அதை நம்பிருவான்.

டெல்லியில இருந்து 2021 நவம்பர்ல ஒரு தேர்வு வச்சாகளே, தேசிய அடைவுத் தேர்வு, அது மாவட்டத்துக்குச் சொல்ற சேதி. உங்க மூணாவது வரிசையில உக்காந்திருக்கிற பயலைப் பத்தி அதுல ஒரு எழுத்தும் இருக்காது. அசர்னு 2005-லருந்து ஒண்ணு நடக்குது, பிரதம்ங்கிற தொண்டு நிறுவனம் நடத்துறது. அது வீட்டுக்கே வரும். ஒரு தாளை நீட்டி எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதைன்னு வாசிக்கச் சொல்லும், பிள்ளை எங்க நிக்குதுன்னு அங்கேயே தெரிஞ்சுரும். உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்துல உக்கார வச்சுக் காது கொடுத்துக் கேட்டா, யார் யாருக்கு எது வரலைன்னு உங்களுக்கே தெரிஞ்சு தொலைக்கும். அப்புறம் தூக்கம் வராது.

இலக்கு? அதுக்கு ஒரு சுலப வழி சொல்றேன். கலர் அட்டையில ‘100 சதவீதம்’னு பெருசா எழுதிச் சுவத்துல ஒட்டிருங்க. யாரும் குறை சொல்ல மாட்டாக, யாரும் செய்யவும் மாட்டாக. அதை விட்டுட்டு, ‘வெள்ளிக்கிழமைக்குள்ள கடன் வாங்கத் தெரியாத இந்த நாலு பேரும் கடன் வாங்கிக் கழிப்பாக’ன்னு எழுதினா மாட்டிக்குவீக. வெள்ளிக்கிழமை வந்துரும்ல.

இல்ல, மாட்டிக்கத்தான் போறேன்னு நிக்கிறீகளா? அப்ப அந்த மூலையில கிடக்கிற தென்னை விளக்குமாத்தை எடுத்துக்கோங்க. குச்சியை ஒடிச்சுப் பத்துப் பத்தாக் கட்டச் சொல்லுங்க. 43-ன்னா நாலு கட்டு, மூணு உதிரி. அதுல எட்டுக் குச்சி கொடுடான்னு கேளுங்க. பய முழிப்பான். முழிக்கட்டும், நீங்க வாயைத் திறக்காதீக. அவனே ஒரு கட்டை அவுப்பான், பதிமூணு உதிரி ஆயிரும். உங்க புத்தகத்துல இனமாற்றம்னு போட்டிருக்கிற சமாச்சாரம் அதுதான். அந்த நாலு பேருக்குப் பத்து நிமிஷம் போதும். மேலத்தெருப் பிள்ளைக்குக் குச்சி வேண்டாம், கணக்குப் போடுறதுக்கு முன்னாடி குறியைச் சுத்தி ஒரு வட்டம் போடச் சொல்லுங்க.

வெள்ளிக்கிழமை அந்த மூணு கணக்கையும் எண்ணை மாத்திப் பேரன்கிட்டக் கொடுங்க. சரியா வந்தா எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம், அவன்கிட்ட எது சரியா வந்துச்சுன்னு சொல்லுங்க. தப்பா வந்தாலும் பரவாயில்ல, எங்க தப்பினான்னு பார்த்து வைங்க. விளக்குமாறு எங்க போச்சுன்னு அவங்க ஆச்சி கேட்டா மட்டும், என் பேரை இழுத்துராதீக தாயி.