அரை மார்க் அப்பா

தமிழ்நாட்டில் ஐம்பதை நெருங்கும் ஆம்பிளைகளை ஒரு மைதானத்தில் கூட்டி, "அரை மார்க்கில் மெடிக்கல் சீட்டைக் கோட்டை விட்டவங்க கை தூக்குங்க" என்று சொன்னால் பாதி மைதானம் கை தூக்கும். அந்த அரை மார்க் அன்றைக்கே எல்லோருக்கும் கிடைத்திருந்தால் இன்று தெருவுக்கு நாற்பது டாக்டர் இருப்பார்கள். ஊசி போட்டுக்கொள்ளத்தான் ஆள் இருக்காது.

மதுரையில் எங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் உண்டு. கூட்டுறவு வங்கியில் காசாளர். 1994-இல் பிளஸ் டூ முடித்தவர். அப்போது நுழைவுத் தேர்வு இருந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300-க்குக் கட்-ஆஃப் பார்ப்பார்கள். இவருக்குப் போனது முழு அரை மார்க்கூட இல்லை. "பாயின்ட் நாலு அஞ்சுண்ணே!" என்பார். கல்யாண நாளைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு மனைவி முகத்தைப் பார்ப்பார். இதைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார்.

மகள் பத்தாவது முடித்த அன்று அந்தப் பாயின்ட் நாலு அஞ்சு தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அவர் 'நீட் அப்பா'.

இந்த இனத்தைப் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம். எதற்கும் 'நாங்க' போடுவார்கள். "ஆர்கானிக் முடிச்சிட்டோம்ணே. பிசிக்ஸ்ல ரொட்டேஷன்தான் இடிக்குது." "போன மாக் டெஸ்ட்ல ஜுவாலஜியில நாங்க தேவையில்லாம நெகட்டிவ் வாங்கிட்டோம்." உள்ளறையில் விடிய விடியப் படிக்கிற பாப்பா மட்டும் ஒருமையில்தான் பேசும். அதுவும் எப்போதாவது, "எனக்குத் தலைவலிக்குதும்மா" என்று.

அடுத்த அடையாளம் ஃபைல். கம்யூனிட்டி, நேட்டிவிட்டி, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டில் படித்ததற்கு பொனஃபைட், டி.சி. என்று ஒவ்வொன்றுக்கும் தனி உறை, தனி நிறச் சீட்டு, ஐந்து செட் ஜெராக்ஸ். ஒரிஜினல் தொலைந்தால் என்ன செய்வது என்பதற்காக ஜெராக்ஸ். ஜெராக்ஸ் தொலைந்தால் என்ன செய்வது என்பதற்காக அதற்கும் ஒரு ஜெராக்ஸ். இ-சேவை மையத்துப் பெண் அவர் தலையைக் கண்டதும், "இன்னைக்கு என்ன சர்டிபிகேட்ண்ணே?" என்று கேட்கும் அளவுக்குப் பழக்கம். மழையில் மாட்டிக்கொண்டால் ஃபைலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, முதுகைக் காட்டி நனைவார்.

கணக்கு மூன்றாவது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "720-க்கு அடுத்த மார்க் என்ன, சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பிப்பார். அவர் அப்பளத்தை நொறுக்கியபடி, "719" என்பார். அங்கேதான் பிடித்துக்கொள்வார். "அதான் இல்ல! 180 கேள்வி. சரின்னா நாலு, தப்புன்னா மைனஸ் ஒண்ணு. ஒரு கேள்விய எழுதாம விட்டா 716. ஒண்ணு தப்பாப் போனா 715. 719, 718, 717 மூணையும் பிரம்மாவே வந்து எழுதினாலும் வாங்க முடியாது!" 2024-இல் கருணை மதிப்பெண் என்று போட்டு, சிலருக்கு 718-உம் 719-உம் வந்தபோது நாடு அதிர்ந்தது. நாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே இவர் அதிர்ந்துவிட்டார். பிரம்மாவை இழுத்துச் சொன்ன கணக்கு அல்லவா?

இட ஒதுக்கீடு அவருக்கு வாய்ப்பாடு. "பிசி இருபத்தாறரை, பிசிஎம் மூணரை, எம்பிசி இருபது, எஸ்சி பதினஞ்சு, எஸ்சிஏ மூணு, எஸ்டி ஒண்ணு. கூட்டுங்க, 69 வருதா?" வரும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீதத்தைப் பற்றிப் படித்த அன்று மட்டும் சோறு இறங்கவில்லை. "பாப்பாவ ஆறாவதுல கவர்ன்மென்ட் ஸ்கூல்ல போட்டிருக்கலாம் போல" என்று முனகினார். எல்கேஜி அப்ளிகேஷனுக்காக விடியற்காலை மூன்றரை மணிக்கு பாப்பாவின் தனியார் பள்ளி வாசலில் வரிசையில் நின்ற மனைவி, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த 7.5 பற்றி வீட்டுக்குள் பேச்சில்லை.

மகளுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டே அவருக்கும் தாவரவியல் ஏறிவிட்டது. காய்கறி வண்டிக்காரரிடம், "தக்காளி, கத்திரிக்கா, உருளைக்கிழங்கு, மிளகா நாலும் சொலானேசி. எல்லாம் ஒரே குடும்பம், தெரியுமாப்பா?" என்றார் ஒருநாள். வண்டிக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரே குடும்பமா இருந்தா என்ன சார், வெல வேற வேறதான்."

நீட்டை எதிர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டீக்கடையில் அவர் பேசினால் சட்டமன்றமே தோற்றுப்போகும். "பன்னெண்டு வருஷம் படிச்ச படிப்புக்கு மரியாதை இல்லையா? 2007-லேருந்து 2016 வரைக்கும் பிளஸ் டூ மார்க்லதானே சேர்த்தோம், அவங்கல்லாம் நல்ல டாக்டரா வரலையா?" நியாயமான கேள்விகள். கேட்டு முடித்ததும் மணியைப் பார்த்து, "டெஸ்ட் சீரிஸுக்குப் பணம் கட்ட இன்னைக்குக் கடைசி நாள்" என்று ஓடுவார். ஒருநாள் மடக்கிக் கேட்டேன். அவர் நிலைப்பாடு தெளிவாகவே இருந்தது. "நீட் ஒழியணும்ணே. கட்டாயம் ஒழியணும். பாப்பா எழுதி முடிச்ச மறுவருஷம்."

அந்த வீட்டுக்குள் இரண்டு வருஷமாகக் குக்கர்கூட அனுமதி கேட்டுத்தான் விசில் அடித்தது. கேபிள் துண்டிப்பு. வாரத்துக்கு மூன்று நாள் வல்லாரை. தாய்மாமன் மகன் கல்யாணத்துக்கு மொய்க் கவர் மட்டும் போனது. சில நாள் காலையில் அவர் வீட்டுப் பேப்பரில் ஒரு பக்கம் குறையும். ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையைப் பற்றிய செய்தி. அதை உருவி நாலாக மடித்து பனியனுக்குள் வைத்துக்கொள்வார். அன்றைக்கு மட்டும் மாக் டெஸ்ட் மார்க் எவ்வளவு என்று கேட்க மாட்டார். ராத்திரி ரெண்டு தடவை எழுந்துபோய், கதவைத் தட்டாமல், அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

முதல் தடவை எழுதியது 2024-இல். ஜூன் 4-ஆம் தேதி ரிசல்ட். நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கையும் அன்றுதான். தெருவே டி.வி. முன் உட்கார்ந்து நாற்பது தொகுதியில் யார் முன்னிலை என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் போனில் ஒரே தொகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாவுக்கு 598. வேறு வருஷமாக இருந்தால் மேளம் கட்டியிருப்பார்கள். அந்த வருஷம் 67 பேருக்கு 720-க்கு 720 என்று அறிவித்தார்கள். கட்-ஆஃப் மாடிப்படி ஏறி மொட்டை மாடிக்கே போய்விட்டது. "மார்க் நல்ல மார்க்குதாண்ணே. வருஷம்தான் சரியில்ல" என்றார். கவுன்சலிங்கில் ஒவ்வொரு ரவுண்டாகக் காத்திருந்து, ஸ்ட்ரே ரவுண்டும் முடிந்த அன்று, பாப்பா ரிப்பீட்டர் ஆனது.

நடுவில் ஹோட்டல் ஹோட்டலாக வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். விளக்கக் கூட்டங்கள். ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று மூன்றுக்கும் போய்வந்தார். திரும்பி வந்து இங்கே ஒரு தேர்வு எழுதி, 300-க்கு 150 எடுத்தால்தான் டாக்டராகப் பதிய முடியும் என்ற விவரத்தைச் சிறிய எழுத்திலிருந்து கண்டுபிடித்தார். சாப்பாடு மட்டும் கிர்கிஸ்தானில்தான் நன்றாக இருந்ததாம்.

2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. பைக் பஞ்சராகிவிடக் கூடாது என்று என் காரில் வந்தார்கள். என் கார் பஞ்சராகிவிட்டால் என்ன செய்வது என்று பின்னாலேயே ஓர் ஆட்டோவையும் வரச் சொல்லியிருந்தார். பாப்பா கையில், மீனாட்சி அம்மன் சந்நிதியில் வைத்து வாங்கிவந்த பேனா. பேனாவை உள்ளே விடமாட்டார்கள், ஹாலிலேயே கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். "அம்மனுக்குத் தகவல் போகணும்ல" என்றார்.

வாசலில் அவர் பையைத் திறந்தால் அது ஒரு நடமாடும் கடை. பசை, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, போஸ்ட்கார்டு சைஸ் போட்டோ, லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டில், ஊக்கு இல்லாத ரப்பர் பேண்ட், கத்தரிக்கோல். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை முழுக்கை சுடிதாரில் நின்று அழுதுகொண்டிருந்தது. அதன் அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். நம்மவர் பாய்ந்துபோய் இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே, டெய்லர் மாதிரி அளந்து வெட்டி அனுப்பினார். திரும்பி வந்ததும் மனைவி கேட்டார். "அந்தப் புள்ளையும் பாப்பாவுக்குப் போட்டிதானேங்க?"

"உள்ள போனாத்தான் போட்டி. வெளிய நிக்கிறவரைக்கும் புள்ள."

ஒன்றரை மணிக்குக் கேட்டை மூடினார்கள். இரண்டு மணிக்குத் தேர்வு. வெளியே வேப்பமரத்தடியில் அப்பாக்களின் மாநாடு. யாரும் உண்மையான மாக் டெஸ்ட் மார்க்கைச் சொல்லவில்லை. கண்ணு படுமே என்று ஆளுக்கு ஐம்பது குறைத்துத்தான் சொன்னார்கள். கேட்டவர்கள் மனசுக்குள் ஐம்பதைக் கூட்டிக்கொண்டார்கள்.

மூன்று மணி வாக்கில் நம்மவர் வியர்வை துடைக்கக் கைக்குட்டையை உருவினார். பாப்பா கழற்றிக் கொடுத்த கம்மல்கள் அதற்குள்தான் இருந்தன. இரண்டும் தெறித்து மண்ணில் விழுந்தன. தோடு இரண்டும் கிடைத்துவிட்டன, திருகாணி ஒன்றும் கிடைத்தது. இன்னொன்றைக் காணவில்லை. பாட்டி போட்ட தங்கம். முப்பத்தெட்டு மாவட்டத்துக் காலேஜ் சீட் எண்ணிக்கையையும் விரல் நுனியில் வைத்திருந்தவர், விரல் நுனி அளவுகூட இல்லாத ஒன்றைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்து மண்ணை அளைய ஆரம்பித்தார். முதலில் உசிலம்பட்டிக்காரர் குனிந்தார். பிறகு ஒரு பஸ் கண்டக்டர். பிறகு, அதுவரை யாரிடமும் பேசாமல் ஏ.சி. காரிலேயே இருந்த ஒரு காலேஜ் புரொபசர். பழுத்த வேப்பிலை உதிர்ந்த மண்ணில் மஞ்சளாய்த் தெரிந்ததெல்லாம் திருகாணி. கேட்டகிரி பார்க்காமல் எல்லோரும் முழங்காலில் தவழ்ந்தார்கள். உள்ளே என்ன கேட்டிருப்பான் என்று அந்த ரெண்டு மணி நேரமும் ஒருத்தரும் நினைக்கவில்லை.

ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகள் வந்தார்கள். வந்த முகம் எல்லாம் வாடிய முகம். அந்த வருஷத்து பிசிக்ஸ் அப்படி. பாப்பாவும் தேம்பிக்கொண்டே வந்தது. "பிசிக்ஸ் போச்சுப்பா..."

நம்மவர் இந்த நிமிஷத்துக்கென்று இரண்டு வருஷமாக வசனம் தயார் செய்து வைத்திருந்தவர். ஒன்றும் வாயில் வரவில்லை. மண் ஒட்டிய முழங்காலோடு எழுந்து நின்று, தப்புச் செய்த பையன் மாதிரி சொன்னார். "பாப்பா, கம்மல் திருகாணி தொலைஞ்சு போச்சும்மா."

பாப்பா அவரைப் பார்த்தது. அவருக்குப் பின்னால் முட்டி முழுக்க மண்ணோடு நின்ற கண்டக்டரை, உசிலம்பட்டிக்காரரை, புரொபசரைப் பார்த்தது. கண்ணீரோடு சிரித்துவிட்டது.

"ஒண்ணுதானேப்பா நெகட்டிவ்? விடுங்க."

ரிசல்ட்டில் பாப்பாவுக்கு 521. போன வருஷத்தைவிட 77 குறைவு. ஆனால் இந்தத் தடவை இந்தியாவிலேயே முதலிடம் 686-தான். எல்லோருக்கும் குறைந்ததால் பாப்பா ஏறிவிட்டது. 2022-இல் திறந்த பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றான விருதுநகரில் சீட். 77 மார்க் குறைந்தால் சீட் எப்படிக் கிடைக்கும் என்பதைத் தெருவுக்கு விளக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆனது.

சேர்க்கைக்கும் என் கார்தான். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கேட்கக் கேட்க, இவர் ஃபைலிலிருந்து சீட்டாட்டக்காரர் மாதிரி ஒவ்வொன்றாக இறக்கினார். நேட்டிவிட்டிக்கும் பொனஃபைடுக்கும் நடுவிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை வழுக்கி மேஜையில் விழுந்தது. உள்ளே திருகாணி இல்லாத ஒற்றைக் கம்மல்.

"இது என்ன சார்?"

"ஒரிஜினல் சார். இதுக்கு மட்டும் ஜெராக்ஸ் எடுக்க முடியல."

பாப்பாவை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பினோம். திருமங்கலம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணே. பாயின்ட் நாலு அஞ்செல்லாம் இல்ல. பதினாறு மார்க்ல போச்சு" என்றார்.

"அப்புறம் எப்படிண்ணே...?"

"மொத வருஷம் பதினஞ்சரைன்னு சொன்னேன். நம்பினாங்க. அப்படியே வருஷத்துக்கு அரை மார்க்கா நானே குறைச்சுக்கிட்டு வந்தேன்."

வண்டியை ஓட்டிக்கொண்டே மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். 1994-இலிருந்து 2025 வரை 31 வருஷம். வருஷத்துக்கு அரை என்றால் பதினைந்தரை. மிச்சம் அரை மார்க். காசாளர் அல்லவா, பாயின்ட் சைபர் அஞ்சைத் தவிர கணக்கு சரியாகத்தான் இருந்தது.