உடைத்தது யார்?

பால் தானாகத் திரிந்துவிட்டது என்றால் எங்கள் வீட்டில் நம்புவார்கள். கார் கண்ணாடி தானாக உடைந்துவிட்டது என்றால் நம்ப மாட்டார்கள். யாரோ ஒருவர் உடைத்திருந்தே ஆகவேண்டும். அந்த ஒருவர் வீட்டு மாப்பிள்ளையாக இருந்தால் எல்லோருக்கும் வசதி.

மே மாத மதியம். மதுராந்தகம் ஏரியைத் தாண்டி சென்னைப் பக்கம் வந்துகொண்டிருந்தோம். முன்னால் ஜல்லி லாரி இல்லை, பின்னால் முட்டவரும் ஆம்னி பஸ் இல்லை. திடீரென்று 'டமார்!' டயர் என்று நினைத்தேன் நான். துப்பாக்கி என்றாள் மனைவி. பின் சீட்டிலிருந்த மாமியார்தான் நிதானம் தவறாமல் சொன்னார்: "மாப்பிள்ளை, பின்னாடி கண்ணாடியக் காணோம். டிக்கியில நார்த்தங்கா ஊறுகா ஜாடி பத்திரமா இருக்கா பாருங்க."

அந்த ஒரு விநாடியில் என் கால் பிரேக்குக்கும் கழுத்து பின்பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் கிளம்பின. இந்தக் கண்ணாடியில் உண்மையான ஆபத்து இதுதான். துண்டுகள் ஆளைக் கிழிப்பது அபூர்வம். சத்தத்தில் மிரண்டு நடுரோட்டில் பிரேக் போடும் டிரைவர் பல பேரைக் கிழித்துவிடுவார். நல்லவேளை, மாமியாரின் குரல் கேட்டுவிட்டது. எல்லோரும் உயிரோடு இருப்பது மட்டுமல்ல, வழக்கம்போல இருப்பதும் உறுதியானது. இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக ஓரங்கட்டினேன்.

மாமியாரின் கொண்டைக் கனகாம்பரத்திலெல்லாம் கண்ணாடி. கையில் எடுத்துப் பார்த்தால் விரல்நுனி அளவுத் துண்டுகள், கூர்முனையே இல்லை. மச்சான் ஒட்டிவைத்த 'தாயின் ஆசி' ஸ்டிக்கர் கொஞ்சம் கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தொங்கியது. 'தாயின்' மட்டும்தான் மிச்சம், 'ஆசி' ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கோ.

விசாரணை அங்கேயே தொடங்கியது. டீக்கடைக்காரர், கல் பறந்து வந்திருக்கும் என்றார். எங்கிருந்து என்று கேட்டதற்கு வானத்தைக் காட்டினார். மாமியார், வண்டி எடுத்த அன்றைக்கே பூசணிக்காய் உடைத்திருக்க வேண்டும் என்றார். எதிர் வீட்டம்மா அந்தக் காரைப் பார்த்த பார்வையை அவர் மறக்கவில்லை. போனில் பிடித்த மெக்கானிக்கோ, "டிக்கியை ஓங்கிச் சாத்தியிருப்பீங்க சார்" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மனைவியும் கேட்டாள். அதற்குப் பிறகு வேறு துப்பு தேவைப்படவில்லை.

கண்ணாடியின் ஜாதகத்தை யாரும் பார்க்கவில்லை. முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது. விரிசல் விட்டாலும் உதிராது. பின்கண்ணாடி அந்தச் சாதி இல்லை. அதை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்காற்று அடித்து எடுக்கிறார்கள்; டெம்பர்டு என்பது இதுதான். வெளிப்புறம் முதலில் இறுகிவிடுகிறது. உள்புறம் தாமதமாகக் குளிர்ந்து சுருங்கப் பார்க்க, வெளிப்புறம் விடுவதில்லை. இந்த இழுபறிதான் அதன் பலம். எங்காவது ஓர் இடத்தில், குறிப்பாக விளிம்பில், வெளித்தோலைப் பிளந்து விரிசல் உள்ளே போய்விட்டால் அடக்கிவைத்ததெல்லாம் மொத்தமாக விடுபட்டு முழுத் தகடும் தூள். 1661-லேயே லண்டன் ராயல் சொசைட்டிக்காரர்கள் தண்ணீரில் சொட்டவிட்டு இறுக்கிய கண்ணாடித் துளிகளை வைத்துக்கொண்டு இதைத்தான் மண்டையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தார்கள். துளியின் தலையில் சுத்தியலால் அடித்தால் தாங்கும். வாலை ஒடித்தால் மொத்தமும் பொடி.

வெயில்மேல் பழிபோடவும் முடியாது. நல்ல நிலையிலுள்ள டெம்பர்டு கண்ணாடி மே மாதத்தையும் ஏ.சி.யையும் சேர்த்தே தாங்கும். என்றைக்கோ விளிம்பில் விழுந்த பொடிச் சிராய்ப்பு காரணமாக இருக்கலாம். அல்லது தயாரிப்பிலேயே உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகள். கண்ணுக்குத் தெரியாத அது வருஷக்கணக்கில் மெல்லப் பருத்து ஒரு நாள் வேலையைக் காட்டும். கட்டடக் கண்ணாடி அப்படி உடைந்தால், ஆரம்பித்த இடத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இரண்டு துண்டுகள் கிடக்கும். நிபுணர்கள் அதைத்தான் தேடுவார்கள். எங்கள் வண்ணத்துப்பூச்சியை டீக்கடைக்காரர் ஏற்கெனவே பெருக்கித் தள்ளியிருந்தார்.

பின்பக்கம் திறந்த காரை அப்படியே ஓட்டக்கூடாது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் சைலன்சர் புகை திரும்ப உள்ளே வரும். ஆகவே சிமெண்ட் சாக்கைக் கிழித்து ஒட்டினோம். அது சென்னை வரை படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. பக்கக் கண்ணாடிகளை மட்டும் நம்பி நாற்பதில் ஓட்டினேன். தாம்பரத்தில் ஒரு ஆட்டோக்காரர், "மூட்டை எங்க இறங்குது சார்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இன்சூரன்ஸுக்குப் போன் செய்தேன். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள்; நோ-கிளெய்ம் போனஸ் போகும். எதிர்முனைத் தம்பி பணிவாக ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"மோதினது எது சார்?"

"எதுவும் மோதலை. தானா உடைஞ்சது."

"காரணம்னு ஏதாவது போட்டாதான் சார் சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போகும்."

சரி, தெரிந்த பெயரைச் சொல்லி வைப்போம் என்று, "நிக்கல் சல்ஃபைடா இருக்கலாம்" என்றேன்.

தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "அவரோட வண்டி நம்பர் நோட் பண்ணீங்களா சார்?"