கொட்டேஷன்காரர்

"காப்பி எடுத்து முடியட்டும், வாங்கிடலாம்" என்பார் கார்த்திகையில். மாசியில் கேட்டால், "மிளகு இறங்கட்டும் தம்பி." மிளகு இறங்கி, காய்ந்து, மூட்டையாகி, மலையிறங்கிப் போய்க் காசும் கைக்கு வந்த பிறகு கேட்டால் காப்பி, மிளகு இரண்டையும் விட்டுவிட்டு வேறு பாட்டு பாடுவார். "இப்ப வாங்குறவன் ஏமாளி. புது ஜெனரேஷன் வரப்போகுதுல்ல?"

பாச்சலூரில் அவர் கம்ப்யூட்டர் வாங்கப் போவது இது ஒன்பதாவது வருடம்.

தொழில் கல்யாண ஃபோட்டோ, வீடியோ. முகூர்த்த மாதங்களில் கே.சி.பட்டி, தாண்டிக்குடி, வடகாடு என்று கீழ்ப்பழனி மலையெங்கும் அவருடைய பைக் சுற்றும். காதுகுத்து, சடங்கு, திருவிழா எதையும் விடமாட்டார். கேமராவை மூன்று முறை மாற்றிவிட்டார். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க உலர் பெட்டிகூட வைத்திருக்கிறார். மூட்டம் இறங்கும் ஊரில் அது அவசியம்தான். ஆனால் எடுத்ததையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டுவது 2014-இல் அசெம்பிள் செய்த பெட்டியில். நான்காம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம் இரண்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க். காலையில் ஆன் செய்துவிட்டுப் பல் தேய்த்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்தால் டெஸ்க்டாப் தெரியும். ஐகான்கள் வர ஒரு டம்ளர் காப்பி ஆகும்.

பெட்டியைக் குறை சொல்லவும் முடியாது. அது சுமக்கிற பாரம் அப்படி. 24 மெகாபிக்ஸல் கேமராவில் ரா ஃபைல் ஒன்று 25-லிருந்து 30 எம்பி வரும். இரண்டு நாள் கல்யாணத்தில் 3,000 படம் எடுத்தால் 80 ஜிபி பக்கம் போய்விடும். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் கணக்கில் பதிந்தால் மணிக்கு 45 ஜிபி. ஆல்பத்துக்கு 12-க்கு 36 இஞ்ச் ஷீட்டை 300 டிபிஐயில் போட்டால் ஒரு லேயருக்கே 110 எம்பிக்கு மேல். அதில் மாப்பிள்ளை ஒரு லேயர், பொண்ணு ஒரு லேயர், பின்னால் ஈஃபில் டவர் ஒரு லேயர், பறக்கும் புறாக்கள் தனித்தனியாக நான்கு லேயர் என்று அடுக்கிக்கொண்டே போனால், 2 ஜிபியைத் தாண்டியதும் ஃபோட்டோஷாப்பே சாதாரண பிஎஸ்டியாகச் சேமிக்க மறுத்துவிடும். பெரிய ஃபைலுக்கென்று இருக்கும் பிஎஸ்பியில்தான் போட வேண்டும். பாச்சலூரில் அது வாரம் ஒருமுறை நடக்கும்.

ஆக, மாற்ற வேண்டிய பெட்டிதான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவருக்கும் இல்லை. அதனால்தான் கொட்டேஷன் வாங்குகிறார்.

கொட்டேஷன் வாங்கும் நாள் வீட்டில் தனியாகத் தெரியும். அன்று சவரம் உண்டு, இஸ்திரிச் சட்டை உண்டு. மகளின் சர்டிஃபிகேட்டுகளுக்காக வாங்கிய பிளாஸ்டிக் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் இறங்குவார். கடையில் நுழைந்ததும் உட்காரமாட்டார். "ஒரு சிஸ்டம் போடணும். ஹெவி யூஸ்" என்பார். கடைக்காரர் பேனாவை எடுப்பார். புரொசசர் எழுதி, போர்டு எழுதி, ரேம் எழுதுவதற்குள் அவர் ஆரம்பித்துவிடுவார். ரேம் ஒத்தையா ஜோடியா? 32 போதுமா, 64 போடணுமா? எஸ்எஸ்டி சாட்டாவா, என்விஎம்இயா? எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், 80 ப்ளஸ் பிரான்ஸா? கேள்விகள் எல்லாம் சரியானவை, அதுதான் கொடுமை. தெரியாதவர் கேட்டால் இரண்டு பொய் சொல்லி அனுப்பிவிடலாம். இவர் தெரிந்துகொண்டு கேட்கிறார். முக்கால் மணி நேரம் கழித்துத் தாளை வாங்கி மடிக்காமல் ஃபைலில் வைத்து, "யோசிச்சுட்டு வர்றேன்" என்று கிளம்புவார். அங்கிருந்து திண்டுக்கல். இன்னொரு நாள் மதுரை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போன்.

ஃபைலில் இப்போது இருக்கும் தாள்களை எண்ணியவர்கள் இல்லை. அடியில் இருப்பது 2017-இல் வாங்கியது. மசி மங்கிவிட்டது, கடையும் இல்லை, அந்த இடத்தில் மோமோஸ் விற்கிறார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஃபைலைப் பிரித்துப் பாயில் பரப்பினார் என்றால், ஏதோ பெண்ணுக்கு வரன் பார்ப்பதாகத்தான் புதியவர்கள் நினைப்பார்கள். நினைப்பது தப்பும் இல்லை. அவர் செய்வது பொருத்தம் பார்ப்பது. புரொசசருக்கும் போர்டுக்கும் சாக்கெட் பொருத்தம். போர்டுக்கும் ரேமுக்கும் டிடிஆர் பொருத்தம்: டிடிஆர்4-ஐ டிடிஆர்5 ஸ்லாட்டில் வைத்தால் பள்ளம் இடம் மாறி உட்காராது. ஒன்பது பொருத்தம் கூடிவந்த தாளிலும் கடைசியில் ரஜ்ஜு தட்டும். "எல்லாம் சரி, கேபினெட்ல காத்து போக வழி இல்ல."

தட்டுவதற்குக் காரணங்களை உலகமே அவருக்குத் தேடித் தந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2017 மார்ச்சில் ஏஎம்டி ரைசன் புரொசசரை இறக்கியது. "புதுசு, ஓடிப் பாக்கட்டும்" என்றார். அக்டோபரில் இன்டெல் ஆறு கோர் கொடுத்தது, "இப்பதான் போட்டி ஆரம்பிச்சிருக்கு, இன்னும் இறங்கும்." 2020-இல் கொரோனா, கல்யாணமே இல்லை. 2021-இல் சிப் தட்டுப்பாடும் கிரிப்டோ தோண்டுகிறவர்களும் சேர்ந்து கிராஃபிக்ஸ் கார்டை ஆனை விலை ஆக்கினார்கள். 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் என்ற கிரிப்டோ, தோண்டவே தேவையில்லாத முறைக்கு மாறிக்கொண்டதும் அந்தக் கார்டுகள் சந்தைக்குத் திரும்பின. அதே மாதம் ஏஎம்டி டிடிஆர்5-க்கு மாறியது. டிடிஆர்4 வாங்கினால் பழசு, டிடிஆர்5 வாங்கினால் விலை. அதோடு ஒரு வருடம் ஓடியது. 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மத்திய அரசு லேப்டாப், கம்ப்யூட்டர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று உத்தரவு போட்டு, மறுநாளே அதை நவம்பருக்குத் தள்ளிவைத்தது. அந்த ஒரு நாளில் அவர் டீக்கடையில் பேசிய பேச்சு, நாடாளுமன்றத்தில் பேசியிருந்தால் குறிப்பில் ஏறியிருக்கும்.

ஆனாலும் அவர் வாழ்வின் பொன்னாள் 2024-இல்தான் வந்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புரொசசர்கள் சிலவற்றில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி சிப்பே கெட்டுப்போகிறது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. எந்தச் சிப்பை அவர் வாங்காமல் விட்டாரோ அதே சிப்! ஃபைலில் இருந்து அந்தத் தாளைத் தனியே எடுத்து ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்திருந்தார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் காட்டினார். "வாங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? சொல்லு, என்ன ஆயிருக்கும்?" வாங்கியிருந்தால் சில ஆல்பங்கள் முடிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை அவரைப்போல் எடுத்துச் சொல்ல ஆள் கிடையாது. "ரேம்ங்கிறது காப்பிக் களம். ஹார்ட் டிஸ்க் குடோன். காயப்போட, அள்ள, புரட்ட எல்லா வேலையும் களத்துலதான். களம் சின்னதா இருந்தா, இடம் பத்தாதப்ப பாதிய அள்ளி குடோன்ல போட்டுட்டு, அப்புறம் அதையே திரும்பத் தூக்கிட்டு வரணும். அதான் ஹேங் ஆவுறது." உண்மைதான். ரேம் நிரம்பினால் விண்டோஸ் டிஸ்கில் பேஜ் ஃபைல் என்று இடம் பிடித்து அங்கே தள்ளும். ஃபோட்டோஷாப் தன் பங்குக்கு ஸ்கிராச் டிஸ்க் கேட்கும். குடோனுக்குப் போகும் பாதைதான் மிச்சக் கதை. பழைய சுழலும் டிஸ்க் நொடிக்கு 120 எம்பி பக்கம் தரும், சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும், என்விஎம்இ பல ஆயிரம். 80 ஜிபி கல்யாணத்தை நகல் எடுக்கப் பழையதில் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். நல்ல என்விஎம்இ இரண்டுக்கு இடையே என்றால் அரை நிமிஷம்.

அவருடைய போர்டில் என்விஎம்இ செருக வழியில்லை. ஆனால் சாட்டா எஸ்எஸ்டி போடலாம். ரேமை 16 ஆக்கலாம். ஆல்பம் முடிக்க அது தாராளமாகப் போதும். இதை அவருக்குச் சொல்லப் போனால், இதை எழுதுகிறவனுக்குக் கிடைத்த பதில்: "பழைய வண்டிக்குப் புது டயர் மாட்டச் சொல்றியா தம்பி?"

இதே யோசனையை ஊருக்கு இலவசமாகச் சொன்னவர் யார்? அவரேதான். 2011-இல் ஆரம்பித்த அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்து பரணில் தூங்கிய பெட்டிகள் எத்தனையோ அவர் கைபட்டு எழுந்திருக்கின்றன. பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி, ரேமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி வைத்துக் கொடுப்பார். பொருளுக்கு ஆன காசு மட்டும்தான் வாங்குவார்; கூலி என்று நீட்டினால் கோபம் வரும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளோடு லேப்டாப் வாங்கத் திண்டுக்கல் வரை சொந்தச் செலவில் போய் வந்திருக்கிறார். மேக் மினி எம்4 வந்தபோது, 59,900 ரூபாய்க்கு 16 ஜிபி நல்ல சரக்குதான், ஆனால் பின்னால் ரேமைக் கூட்ட முடியாது, யோசித்து எடு என்று ஒரு பெண்ணுக்குப் பொறுமையாக விளக்கினார். அவள் யோசித்தாள், எடுத்தாள், வேலையும் பார்க்கிறாள். முடிவெடுக்கும் துணிச்சல் அவரிடம் நிறைய உண்டு. அடுத்தவர் காசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் பெட்டியின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. ஆல்பம் ஷீட் ஒன்று பாதியில் நின்று வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ரேம் 97 சதவீதம். களத்தை அடைத்துக்கொண்டிருந்தது யார் என்று பார்த்தால் ஃபோட்டோஷாப் இல்லை. குரோம். அதில் நாற்பதுக்கு மேல் டேப். நாற்பதிலும் எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்ற விமர்சனங்கள்!

மூடச் சொன்னோம். "இருக்கட்டும், இன்னும் படிச்சு முடிக்கல" என்றார்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போட இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், இவருடையது நான்கு. இனி வழியில்லை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்ட வேளையில், ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பையெல்லாம் வாரிக்கொண்டு போக ஆரம்பித்தன. சில மாதங்களில் ரேம் விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது. டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான் கம்பெனி, நம்மைப்போன்ற சில்லறை ஆட்களுக்கு விற்றுவந்த குருசியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. செய்தியைப் படித்துக் காட்டியபோது அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது என்று சொன்னால் பொய். "பாத்தியா? இந்த நேரத்துல எவனாவது வாங்குவானா?"

இதுவரை சிரித்தாயிற்று. இனி ஒரு வழக்கு இருக்கிறது.

இதை எழுதுகிறவனின் தங்கை கல்யாணம் 2022 வைகாசியில் நடந்தது. முன்பணம் கொடுத்தாயிற்று. ஆல்பம் இன்னும் வரவில்லை. அந்தக் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பல்லில்லாத வாயோடு சிரித்து, மாப்பிள்ளைக்கு விபூதி பூசிவிட்ட அப்பத்தா போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். மாலை போட்டு மாட்டுவதற்கு ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினோம். கல்யாணத்தில் எடுத்த நல்ல படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன: பன்னிரண்டு வயதான அந்த ஒற்றை ஹார்ட் டிஸ்க்கில். இரண்டாவது நகல் எதிலும் இல்லை. காற்றடித்தால் மரம் விழுந்து கரண்ட் போகும் ஊர்; யுபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. சமீபமாக டிஸ்க்கில் இருந்து டக்... டக்... என்று ஒரு சத்தம் வேறு கேட்கிறது. அது எதற்கு அறிகுறி என்று அவருக்கே நன்றாகத் தெரியும். ஊரில் வேறு யாருடைய பெட்டியிலாவது அந்தச் சத்தம் கேட்டிருந்தால், அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் ஏற்றாமல் வீட்டுக்குப் போயிருக்கமாட்டார்.

புது கம்ப்யூட்டர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், முதலில் ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிப் படங்களை அதில் ஏற்றுங்கள் அண்ணே என்று கைகூப்பிக் கேட்டோம். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "நீ சொல்றது நூத்துக்கு நூறு நியாயம் தம்பி" என்று மறுநாள் முதல் பஸ்ஸிலேயே ஒட்டன்சத்திரம் இறங்கினார். சவரம் செய்திருந்தார். கக்கத்தில் ஃபைல் இருந்தது.

இதுவரை மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது.