அமத்திப் பாக்கிற ஆக்கள்

பழைய பிக்கப்புக்குக் காஸ் ஷொக் நல்லதா, எண்ணெய் ஷொக் நல்லதா என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கட்டாயம் சொல்கிறேன். அதற்குமுன், நேற்றுக் கொடிகாமம் சந்தையடியில் என் ஹைலக்ஸை அமத்திவிட்டுப் போனவர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

முதலாமவர் பின் பம்பரை அமத்திவிட்டார். வண்டி ஆடி ஓயும்வரை பொறுத்திருந்து, "அண்ணை, ஷொக் போட்டுது" என்றார். எங்கள் ஒழுங்கையால் தினமும் போய்வருகிற என் முள்ளந்தண்டுக்கு அது தெரியாதா? அடுத்தவர் குனிந்து, எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்த குழாயை விரலால் தடவி மணந்தும் பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வி: "என்ன போடப் போறியள்? யப்பான் தானே?"

யப்பான்! நாங்கள் சாமிக்கு அடுத்தபடியாக நம்புவது அதைத்தான். கடைக்காரரிடம் கேட்டால் யப்பானிலேயே எத்தனையோ வகை. ஒறிஜினல் யப்பான். யப்பான் பெயர், தாய்லாந்தில் செய்தது. யப்பான் பெட்டி, உள்ளே என்னவென்று திறந்தால்தான் தெரியும். யப்பான் மாதிரி. சைனா. நல்ல சைனா. யப்பானுக்கென்றே செய்கிற சைனா. எல்லாவற்றுக்கும் மேலே றீகண்டிஷன்: யப்பான்காரன் கழற்றி எறிந்தது, கப்பலேறிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு வந்து, அங்கிருந்து ஏ-9 வழியாக இங்கே வந்து புதுமாப்பிள்ளை விலைக்கு நிற்கும். "பழசு தானே?" என்றால் கடைக்காரருக்குக் கோபம் வரும். "அங்கை றோட்டு நல்லம் அண்ணை. உந்த ஷொக் வேலையே செய்திருக்காது!" வேலையே செய்யாத ஒன்றுக்கு நான் ஏன் காசு கொடுக்கவேண்டும்?

புது வண்டி வாங்கலாமே என்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்தபிறகு விலையைக் கேட்டேன். நெஞ்சுக்குத்தான் ஷொக் போடவேண்டியிருந்தது. உடனே ஒரு பெரியவர், "தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடைக்கை மண்ணெண்ணெயிலை ஒஸ்ரின் ஓட்டின ஆக்கள் நாங்கள்" என்று தொடங்கிவிடுவார். ஓட்டினீர்கள் ஐயா. அதற்காக நான் இன்றைக்கும் துள்ளவேண்டுமா?

இன்னொருவர் சொன்னார்: "தேங்காய் கூட ஏத்துறியள், ஹெவி ஷொக் போடுங்கோ." பாரத்தைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷொக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சின்னத் துவாரங்களுக்குள்ளால் நெருக்கும்; ஆட்டமெல்லாம் சூடாகிப் போய்விடும். இதை விளங்கப்படுத்தி முடிக்குமுன் அவர் பலாப்பழம் விலை பேசப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர், "கசியிற பக்கத்தை மட்டும் மாத்துங்கோ, ஏன் வீண் செலவு?" என்றார். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழசு என்றால் வண்டி எப்படி ஒழுங்காக நிற்கும்? சோடியாகத்தான் மாற்றவேண்டும். செருப்புக்குக்கூட இவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள்.

காஸா எண்ணெயா என்பது இன்னொரு நாளைக்கு. இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வெறும் பிக்கப் புது ஷொக்கோடும் துள்ளும். அதன் ஸ்பிரிங் பாரத்துக்கென்று செய்தது. ஆகவே இனி அமத்திப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பின்பெட்டியில் ஏறி இருங்கள். எங்கள் ஒழுங்கையால் ஒரு சுற்றுக் கூட்டிப்போகிறேன். காசு வேண்டாம்.